மருந்தின் நான்காம் பாகம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழாவிலே பேச அழைக்கப்படுபவன் இனியதொரு பொருளை எடுத்துக்கொள்வது வழக்கம். உங்கள் செயலாளர் எனக்கு அந்த வசதியைத் தரவில்லை. அவர் அனுப்பிய கடிதத்தில் ஒரு கேள்வி இருந்தது. போதைவஸ்துப் பழக்கத்துக்கு ஆளான ஓர் அங்கத்தவரைச் சங்கம் என்ன செய்வது? அவருடைய பெயரை வெட்டி, வெட்டிய செய்தியை வாசிகசாலை அறிவித்தற் பலகையில் ஒட்டிவிட வேண்டும் என்று நிருவாக சபைக்கு ஒரு யோசனை வந்திருக்கிறதாம். அதைக் கொண்டுவந்தவர்கள் பயத்தினால் கொண்டுவந்தார்கள் என்பதை அறிவேன். தம்பிமார் உள்ள வீட்டில் இன்று அந்தப் பயம் இல்லாதிருந்தால்தான் ஆச்சரியம். எனினும் யோசனை பிழையானது என்பது என் துணிபு. ஏன் பிழை என்று சொல்லுமுன், நாம் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சிறிது தெரிந்துகொள்வோம். இந்த விஷயத்திலே கோபம் மலிவாகக் கிடைக்கிறது. விபரம் அருமையாகத்தான் கிடைக்கிறது.

அபினிலிருந்து தொடங்கலாம். நோவுக்கும் வயிற்றோட்டத்துக்கும் அது மிகப் பழைய மருந்து. பிரித்தானிய ஆட்சியில் இந்தியாவிலே அரசாங்கமே ஏகபோகமாக அதைப் பயிரிடுவித்து, கல்கத்தாவில் ஏலம் விட்டது. ஏலத்தில் எடுத்த வர்த்தகர்கள் அதைச் சீனத்துக்குக் கள்ளமாகக் கொண்டுபோனார்கள். 1839ஆம் ஆண்டில் லின் சேசு என்னும் சீன உயர் அதிகாரி 20,000க்கு மேற்பட்ட அபின் பெட்டிகளைக் கைப்பற்றி, உப்பும் சுண்ணாம்பும் கலந்து கரைத்துக் கடலில் விட்டார். அதற்காகப் போர் வந்தது. 1842இல் சீனம் தோற்று ஹொங்கொங்கை இழந்தது. போதைவஸ்துவின் சந்தையைக் காக்கப் பீரங்கிக் கப்பல் அனுப்பிய அந்த ஆட்சியேதான் இலங்கையிலும் அனுமதிப்பத்திரம் கொடுத்து அபின் கடைகளை நடத்த விட்டது. மக்கள் எதிர்த்து விண்ணப்பங்கள் எழுதினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கடைகள் மூடப்பட்டன. அப்போது ஏற்கெனவே பழகிப்போனவர்களை என்ன செய்தார்கள்? பதிவேட்டில் பெயர் எழுதி, அளந்து கொடுத்தார்கள். நாட்டு வைத்தியருக்கும் அளந்து கொடுத்தார்கள். அந்நிய ஆட்சியைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. விற்றவனையும் வாங்கிப் பழகியவனையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பது நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இந்தத் தீவிலே தெரிந்திருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

அபினிலிருந்து மோர்பின் பிரிக்கப்பட்டது. மோர்பினிலிருந்து 1874இல் இலண்டனில் ஒரு இரசாயன அறிஞர் வேறொரு பொருளை ஆக்கினார். அதை 1898இல் ஜெர்மனியின் பேயர் கம்பனி இருமல் மருந்தாக விற்பனைக்கு விட்டது. அந்த மருந்துக்கு வைத்த வியாபாரப் பெயர்தான் ஹெரோயின். மோர்பினைப் போல அடிமையாக்காது என்று சொல்லியே விற்றார்கள்! 1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அது நம் நாட்டில் பரவியது. 'குடு', 'தூள்' என்று தெருவில் அதற்குப் பெயர். இன்று அதனோடு ஐஸ் என்னும் பளிங்குத் துண்டும், நரம்பு நோவுக்கென்று வைத்தியர் எழுதும் குளிசைகளைக் கைநிறைய விழுங்கும் பழக்கமும், பள்ளிக்கூட வாசலில் மாவாப் பொட்டலமும் வந்து சேர்ந்திருக்கின்றன. பாக்கு நீரிணையூடாகக் கஞ்சா மூடைகள் வருவதும் அவை வடகரையில் பிடிபடுவதும் பத்திரிகை வாசிப்போர் எல்லோருக்கும் தெரியும்.

இனி, பெரியோர்கள் சிறிது பொறுமையோடு கேட்க வேண்டிய பகுதிக்கு வருகிறேன்.

ஹெரோயின் பாவிப்பவன் இன்பத்துக்காகவே பாவிக்கிறான் என்று நினைக்கிறோம். முதல் சில நாட்களுக்கு அது உண்மை. பிறகு உடம்பு அந்தப் பொருளைக் கணக்கில் வைத்தே ஓடப் பழகிவிடுகிறது. கடைசியாக எடுத்து எட்டுப் பன்னிரண்டு மணித்தியாலத்தில் மூக்கு ஒழுகும், கொட்டாவி வரும், எலும்பு உளையும், வயிறு பிரட்டும், உறக்கம் அற்றுப்போகும். இரண்டாம் மூன்றாம் நாளில் அது உச்சத்துக்கு ஏறி, ஏறக்குறைய ஒரு வாரத்தில் தணியும். அந்த வேதனைக்குப் பயந்தே அவன் தாயின் காப்பைக் களவெடுக்கிறான். களவு களவுதான், நான் அதை நியாயப்படுத்தவில்லை. ஆனால் அவன் எதிலிருந்து தப்ப ஓடுகிறான் என்று தெரியாமல் அவனைத் தடுக்க முடியாது.

"அறையிலே போட்டுப் பூட்டு, ஒரு கிழமையில் சரியாகிவிடும்" என்று சொல்லும் மாமாமார் நம் ஊர்களில் உண்டு. அவர்களுக்கு இரண்டு செய்தி. முதலாவது, நெடுங்காலம் மதுவுக்கு அடிமையானவனை அப்படித் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிரே போகலாம். பூட்டிய அறைக்குள்ளே நடக்கக்கூடிய காரியம் அல்ல அது. வைத்தியர் பார்வையில் நடக்க வேண்டியது. இரண்டாவது செய்தி இதைவிடக் கொடியது. ஹெரோயினை ஒரு மாதம் நிறுத்தியவனுடைய உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. மனத்திலோ பழைய அளவே நினைவிருக்கிறது. அறையிலிருந்தோ, மறியலிலிருந்தோ, முகாமிலிருந்தோ வெளியே வந்த முதற் கிழமைகளில் அவன் அந்தப் பழைய அளவை எடுப்பானாயின் மூச்சு நின்றுவிடும். "திருந்தி வந்தவன், என்ன நடந்ததோ, செத்துப்போனான்" என்று செத்த வீட்டில் சொல்வார்கள். நடந்தது இதுதான். ஊசியால் ஏற்றுபவனுக்கு வேறொரு வழியும் திறந்திருக்கிறது: அசுத்த ஊசி வழியே கிருமி இரத்தத்தில் ஏறி இருதயத்தின் வால்வைத் தின்னும்.

ஐஸ் வேறு சாதி. அது உறங்க விடாது. இரண்டு மூன்று நாள் கண்மூடாதவன் வேலியோரம் யாரோ நிற்கிறான் என்பான். தன்னைப் பற்றித் தாயும் தமையனும் குசுகுசுக்கிறார்கள் என்பான். அதைப் பேய் பிடித்தது என்று பார்வை பார்க்கக் கொண்டுபோன வீடுகளும் உண்டு. இந்தப் பொருளை 1893இல் முதன்முதல் ஆக்கியவர் ஒரு ஜப்பானிய அறிஞர். இரண்டாவது உலக யுத்தத்தில் போர்வீரருக்கும் தொழிற்சாலைக் கூலிகளுக்கும் விழித்திருப்பதற்காக அதைக் கொடுத்தார்கள். யுத்தம் முடிந்ததும் மிச்சம் கிடந்த சரக்குச் சந்தைக்கு வந்தது. தோற்றுப்போன நாட்டின் இளைஞர்கள் அதில் விழுந்தார்கள். 1951இல் அங்கே தனிச் சட்டம் இயற்றினார்கள். 1954இல் ஒரே ஆண்டில் ஏறக்குறைய 55,000 பேர் கைதானார்கள். போர் முடிந்த ஊர், வேலையற்ற வாலிபன், மலிவாகக் கிடைக்கும் விழிப்பு. இந்த மூன்றும் எங்கே ஒன்றுசேர்ந்தாலும் என்ன விளையும் என்று 2009க்குப் பின் வாழும் நமக்கு ஒருவர் விளக்க வேண்டியதில்லை.

"ஒருமுறை தொட்டவன் மீளவே மாட்டான்" என்று ஒரு பேச்சு இருக்கிறது. இளைஞரைப் பயமுறுத்த அது உதவலாம். ஏற்கெனவே தொட்டவனுக்கு அது மரண தண்டனைத் தீர்ப்பு. அது உண்மையுமன்று. வியட்நாம் யுத்தத்திலே அமெரிக்கப் படையினர் மத்தியில் ஹெரோயின் காட்டுத்தீயாகப் பரவியது. சாதாரணப் படைவீரர்களில் ஐந்தில் ஒருவர் அடிமையாகியிருந்தனர் என்று கண்டார்கள். 1971இல் சனாதிபதி நிக்சனின் அரசாங்கம் நாடு திரும்பும் வீரர் எல்லோருடைய சிறுநீரையும் சோதிக்க உத்தரவிட்டது. இவர்கள் ஊருக்கு வந்தால் என்ன ஆகுமோ என்று நாடே நடுங்கியது. லீ றொபின்ஸ் என்னும் பெண்மணி அவர்களைத் தேடித்தேடி விசாரித்தார். அங்கே அடிமையாயிருந்தவர்களில், திரும்பிவந்த முதலாண்டில் மீண்டும் அடிமையானோர் நூற்றுக்கு 5 பேர் அளவில். மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கு 12 பேர் அளவில். இடம் மாறியது, கூட்டாளிகள் மாறினார்கள், கையில் ஒரு வேலையும் வீட்டில் ஒரு சோற்றுக் கோப்பையும் இருந்தன. எல்லோருக்கும் இப்படி அமையும் என்று நான் சொல்லவில்லை. பழகிய ஒழுங்கையிலேயே, பழகிய விற்பனைக்காரன் தலைவாசலைத் தாண்டித் தினமும் போய்வர வேண்டிய நம் பையனுக்கு இது பன்மடங்கு கடினம். கடினம் என்பது வேறு, முடியாது என்பது வேறு.

சட்டம் என்ன செய்தது? நமது கட்டளைச் சட்டம் 1929ஆம் ஆண்டிலே பிறந்தது. 1984இல் அதைத் திருத்தி, 2 கிராமோ அதற்கு மேலோ ஹெரோயின் கடத்தினால் மரணம் அல்லது ஆயுட்சிறை என்றார்கள். அதே ஆண்டில் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையும் அமைந்தது. 2022இல் ஐஸையும் அந்தக் கடுந்தண்டனைக்குள் கொண்டுவந்தார்கள். இலங்கையில் கடைசியாக ஒருவர் தூக்கிலிடப்பட்டது 1976இல். 2019இல் அன்றைய சனாதிபதி மைத்திரிபால சிறிசேன போதைவஸ்துக் குற்றவாளிகள் நால்வரின் மரணப் பத்திரத்தில் கையொப்பமிட்டபோது உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது. 2023 டிசெம்பரில் 'யுக்திய' என்னும் பெயரால் நாடெங்கும் சுற்றிவளைப்புத் தொடங்கியது. பல்லாயிரம் பேர் பிடிபட்டார்கள். அடுத்த மாதமே ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள் அதை இடைநிறுத்திப் பரிசீலிக்கும்படி கேட்டார்கள். பிடிபட்டவர்களில் பெரும் வியாபாரி எத்தனை பேர், கைச்செலவுக்காகப் பொட்டலம் கடத்திய பழக்கதாரி எத்தனை பேர் என்பதை ஊரில் உள்ளவர்களே கணக்குப் பார்க்கலாம். வள்ளத்தில் மூடை வரச் செய்தவன் எந்தச் சுற்றிவளைப்பிலும் சந்தியில் நிற்கமாட்டான்.

வைத்தியத்துக்கும் சட்டம் உண்டு. 2007இன் 54ஆம் இலக்கச் சட்டப்படி ஒருவர் தாமாகவே சிகிச்சைக்குச் சேரலாம்; நீதவான் கட்டாயப்படுத்தியும் அனுப்பலாம். கட்டாயத்தின் பயன் எவ்வளவு என்பதற்குப் பொலனறுவை மாவட்டத்தின் கந்தக்காடு முகாமைப் பாருங்கள். 2022 ஜூனில் அங்கே ஒருவர் இறந்தார். அதையடுத்து நூற்றுக்கணக்கானோர் வேலியை முறித்துக்கொண்டு ஓடினார்கள். மருந்து கொடுக்கும் இடத்திலிருந்து நோயாளர் கூட்டமாக வேலி பாய்ந்து ஓடுவார்களாயின், அதை ஆஸ்பத்திரி என்று யார் சொல்வார்?

போர்த்துக்கல் நாடு வேறு வழி எடுத்தது. நம்மை ஒருகாலத்தில் ஆண்ட அதே போர்த்துக்கல். 1990ஆம் ஆண்டுகளின் இறுதியில் அங்கே நூறு பேருக்கு ஒருவர் அளவில் ஹெரோயினில் அகப்பட்டிருந்தார்கள். 2001 ஜூலை முதல், பத்து நாட்பாவனைக்கு மேற்படாத அளவை வைத்திருப்பவனைக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள். மூவர் கொண்ட ஒரு குழு முன்னே அவனை இருத்தி, "உனக்கு என்ன நடந்தது?" என்று விசாரிக்கிறார்கள். சட்டம் அறிந்தவரும், வைத்தியம் அறிந்தவரும், குடும்ப நிலை அறிந்த சமூகசேவையாளரும் அதில் இருப்பார்கள். விற்பவனுக்கு அங்கேயும் சிறைதான். இதனால் போதைவஸ்து ஒழிந்ததா என்றால், இல்லை. ஊசியால் பரவும் எய்ட்ஸ் நோயும் அளவு மிஞ்சிய சாவும் பெரிதும் குறைந்தன. சிகிச்சைக்குப் பணம் ஒதுக்கினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பணம் குறைந்தபோது தொல்லை மீண்டும் தலைகாட்டியது. வெறும் மன்னிப்பு எங்கேயும் வைத்தியம் ஆகவில்லை.

அரசாங்கத்தைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து போவது எளிது. நம் வீடுகளுக்கு வருவோம்.

நம்மவர்களுக்கு மூன்று மருந்து தெரியும். மறைப்பது ஒன்று. கடன்பட்டு வெளிநாட்டுக்கு அனுப்புவது ஒன்று. மூன்றாவது, "ஒரு கலியாணத்தைக் கட்டிவைத்தால் பொறுப்பு வந்துவிடும்" என்பது. இந்த மூன்றாவதை நான் கடுமையாகவே கண்டிக்கிறேன். மகன் திருந்தவில்லை என்று தெரிந்தும் அதை மறைத்துச் சாதகம் பொருத்தி, பிறர் பெற்ற பிள்ளையை அவனுக்கு மருந்தாகக் கொடுப்பதற்கு எந்தத் தகப்பனுக்கு உரிமை உண்டு? அவளுடைய தாலிக்கொடி முதல் மாதத்திலேயே அடைவு கடைக்குப் போகும். பிறகு பிறக்கும் குழந்தையோடு அவள் தாய்வீட்டுக்குத் திரும்பி வருவாள். அப்போதும் ஊர் அவளைத்தான் பார்த்துப் பேசும். முற்றத்தில் பந்தல் போடுமுன் வைத்தியரிடம் போகாதவர்கள் பிறகு நீதிமன்றத்துக்குப் போகிறார்கள்.

இன்னொன்றும் சொல்வேன், சபையிலே சிலருக்குக் கசக்கும். கலியாண வீட்டின் பின்வளவிலும் செத்த வீட்டு எட்டுச் செலவிலும் சாராயப் போத்தலைத் திறந்து வைத்துவிட்டு, ஐஸ் குடித்த பையனைத் தூக்கில் போட வேண்டும் என்று பேசுகிறோம். நாவலர் பெருமான் சிறுவர் படிக்கும் பாலபாடத்திலேயே கள்ளுண்ணலைக் கண்டித்து எழுதினார். 1912இல் அரசாங்கம் புதிய கலால் சட்டம் கொண்டுவந்தபோது இத்தீவில் மதுவிலக்கு இயக்கம் பொங்கி எழுந்தது. பிற்காலத்தில் நாட்டை ஆண்ட சேனநாயக்கா குடும்பத்தினர் பொதுவாழ்வில் அடியெடுத்து வைத்ததும் அந்த இயக்கத்திலேதான். அவர்கள் தவறணைக்காரனையும், அவனுக்கு அனுமதி விற்ற அரசாங்கத்தையும் எதிர்த்தார்கள். நாம் வசதியாகக் குடிப்பவனை மட்டும் எதிர்க்கிறோம், அதுவும் ஏழைவீட்டுப் பையனாயிருந்தால்.

"குடித்தவனுக்கு நியாயம் சொல்வது நீரில் மூழ்கியவனைத் தீவட்டி கொண்டு தேடுவது போல என்று வள்ளுவரே சொன்னாரே, பிறகு ஏன் இந்தப் பாடு?" என்று ஒரு பெரியவர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. மயக்கத்தில் இருப்பவனோடு வாதாடாதே என்பதற்கு அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. இரவு பத்து மணிக்குப் படலையடியில் நின்று நடத்தும் விசாரணை ஒன்றுக்கும் உதவாது. விடியப்புறம், அவன் தெளிந்திருக்கையில், அவன் மதிக்கிற ஒரே ஒருவர் பக்கத்தில் இருந்து பேச வேண்டும். கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரம். அதற்கு அடுத்தது சூது. அதற்கும் அடுத்த 95ஆவது அதிகாரம் எது? மருந்து! தற்செயலோ என்னவோ, நான் அறியேன். அந்த அயல் எனக்குப் பிடித்திருக்கிறது. மருந்துக்கு நான்கு பாகம் என்கிறார் அங்கே. நோயாளி, வைத்தியன், மருந்து, பக்கத்தில் நின்று உதவுபவன். முதல் மூன்றைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினேன். நான்காமவனுக்குச் சம்பளம் கொடுக்க எந்தத் திணைக்களமும் இல்லை. அந்த வேலைக்குத்தான் உங்களைப் போன்ற சங்கம் ஏற்றது.

ஆதலால் செயலாளரின் கேள்விக்கு விடை சொல்கிறேன். அங்கத்தவரின் பெயரை வெட்டாதீர்கள். அறிவித்தற் பலகையில் ஒட்டவே ஒட்டாதீர்கள். அந்தப் பலகையை முதலில் வாசிப்பவன் விற்பனைக்காரன்தான், அவனுக்கு ஒரு வாடிக்கைக்காரனின் முகவரி இலவசமாகக் கிடைக்கும். அதற்காகச் சங்கத்துக் காசுப்பெட்டியை அவர் கையில் கொடுக்கச் சொல்லவில்லை. பொருளாளர் பதவி, திறப்புக் கோவை, சிறுவர் வகுப்பு, இவை அவர் சிகிச்சையில் நிலைத்து நிற்கும்வரை வேறொருவரிடம் இருக்கட்டும். அதை அவர் முகத்துக்கு நேரே, மரியாதையாகச் சொல்லுங்கள். கரப்பந்தாட்டத்திலும், திருவிழாத் தண்ணீர்ப்பந்தலிலும், சிரமதானத்திலும் அவருக்கு இடம் இருக்கட்டும். அங்கத்தவரிலே ஒருவர் விற்கிறார் என்று தெரிந்தால் அது வேறு கதை. அதற்குப் பொலிஸ் நிலையம் இருக்கிறது, தயங்க வேண்டாம்.

மீண்டும் விழுவார். இதை முன்கூட்டியே எதிர்பாருங்கள். நீரிழிவு உள்ளவர் தீபாவளிக்கு இனிப்புத் தின்று சீனி ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனால் நாம் அவரை ஊர்விலக்குச் செய்வதில்லை. இரண்டாந்தரம் விழுந்தவரையும் வைத்தியரிடம் இரண்டாந்தரம் கொண்டுபோக வேண்டும். நான் முன்னே சொன்ன அந்த ஆபத்தான முதற் கிழமைகளில், மறியலாலோ முகாமாலோ வந்தவரைத் தனியே விடாதீர்கள். வெளியே வரும் திகதியை வீட்டாரிடம் கேட்டு, வாசலுக்கே ஒருவர் போய் அழைத்து வருவது நல்லது. விற்பனைக்காரனும் அந்தத் திகதியை அறிந்து வைத்திருப்பான்.

இடம் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பெரிய அரசினர் வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, கட்டணம் இல்லை. கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்னும் தொலைபேசி இலக்கத்தில் பெயர் சொல்லாமலே ஆலோசனை கேட்கலாம். தாய் போய் வரிசையில் நின்றால், பக்கத்து வீட்டுக்காரி கண்டுவிடுவாளே என்று பாதியில் திரும்பிவிடுகிறாள். தமையன் வேலைக்குப் போக வேண்டும். தகப்பன் கோபத்தில் பேச்சை நிறுத்தி ஆறு மாதமாகியிருக்கும். பையனோ தனியே பஸ் ஏறினால் வழியில் இறங்கிவிடுவான்.

கூடப் போக ஒருவர் வேண்டும். காலையில் வெள்ளென வரிசைக்கு நிற்க வேண்டும், மத்தியானம் வரை இருக்க வேண்டும், அடுத்த திகதியைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்து அந்தத் திகதிக்கும் போக வேண்டும். சங்கத்தில் நாலைந்து பேர் முறைபோட்டுக்கொண்டால் ஒருவருக்கு மாதத்தில் ஒரு நாள்தான் வரும். செயலாளர் ஒரு கொப்பியைத் திறந்து, அந்த யோசனைக்குக் கையொப்பமிட்டவர்களிடமே முதலில் பெயர் கேட்டுப் பார்க்கலாம்.